அரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள்

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் பாட்டிலை முறைத்துப் பார்ப்பதும் ஒரு வேலை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்கு அதுதான் வேலை. பழரசம் அடைக்கிற கம்பெனியில், கழுவி முடித்த காலிப் பாட்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாக அவள் முன்னால் நகர்ந்து போகும். பின்னால் வெள்ளைப் பலகை ஒன்று, அதற்குள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் விரிசலோ அழுக்கோ ஒட்டிக்கொண்ட துணுக்கோ கண்ணில் பட்டால், அந்தப் பாட்டிலை மட்டும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். அவ்வளவுதான். லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும், சேதி தெரியும். புதிதாக வருகிற பெண்கள் தலைசுற்றி எழுந்து ஓடுவார்கள். அவள் கல்யாணமான வருஷத்திலிருந்து அதே நாற்காலியில் இருக்கிறாள். மயிரிழை விரிசல்கூட அவளிடமிருந்து தப்பாது. கம்பெனியில் அவளுக்குக் 'கழுகு' என்று பேர்.

இப்பேர்ப்பட்ட கழுகுக்கு, தன் தோலில் எழும்பினது எங்கிருந்து வந்தது என்று மட்டும் கடைசிவரை கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் இந்தக் கதை.

வீட்டில் மூன்றே பேர். அவள், அவள் புருஷன், மாமனார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்துப் பல காலம் ஆகிவிட்டது. புருஷன் எலக்ட்ரீஷியன். மாமனார் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஊரையே மேல தூக்கி விட்டவன்மா நான். நான் மட்டும் எந்த மாடியில ஏறினேனோ அதே மாடியில இறங்கினேன்" என்பார். மாமியார் போனபிறகு கூடத்தை ஒட்டிய சின்ன அறை அவருக்கு. ஒரு கட்டில், ஒரு ரேடியோ, முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் ஒரு பாட்டில். அவர் சொத்து அத்தனையும் அதற்குள் அடக்கம்.

மாமனார் மருமகள் என்றால் ஒருவர் இருக்கிற பக்கம் மற்றவர் போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. இங்கே நேர்மாறு. காலை ஷிஃப்ட் முடிந்து அவள் வீடு திரும்புகிற நேரத்துக்கு, அவர் சமையலறை மேஜையில் பீன்ஸைக் கொட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். இருவரும் நார் உரிப்பார்கள், பேசுவார்கள். லிஃப்டில் ஏறின பெரிய மனுஷர்கள் தனியாக இருக்கும்போது கண்ணாடியைப் பார்த்து என்னென்ன முகம் காட்டினார்கள் என்று அவர் நடித்துக் காட்டுவார். எந்தப் பாட்டிலுக்குள் என்ன கிடந்தது என்று அவள் சொல்லுவாள். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவள் அவள். அந்த மேஜையில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் வந்ததும், "சரி சரி, சபை கலையலாம்" என்பான். சபை கலையாது. அவனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

அரிப்பு ஒரு மத்தியான வேளையில் ஆரம்பித்தது. மணிக்கட்டில் கொசு கடித்தாற்போல ஒரு தடிப்பு. சொறிந்தாள். அது இரண்டானது. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய திட்டானது. சாயங்காலத்துக்குள் கழுத்து, இடுப்பு, தொடை என்று உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாக எழும்பி நெருப்பாய் எரிந்தது. படுத்து எழுந்தால் ஒன்றும் இல்லை! வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு, சொல்லி வைத்தாற்போல மறுபடி. தினமும் இதே கூத்து. டாக்டரிடம் காட்டலாம் என்று போனால், அங்கே போய்ச் சேர்வதற்குள் அவள் கை, கழுவித் துடைத்த பாட்டில் மாதிரி பளிச்சென்று இருக்கும். "எங்க இருக்கு?" என்று டாக்டர் கேட்க, இவள் திருட்டு முழி முழிப்பாள்.

மருந்துக்கடைக்காரர் ஒரு அலர்ஜி மாத்திரை கொடுத்தார். போட்டால் அரிப்பு அடங்கும், சரிதான். கூடவே அவளும் அடங்கிவிடுவாள். பாட்டில் பார்க்கிற வேலையில் தூக்கம் வந்தால் என்ன ஆகும்? வாய் உடைந்த பாட்டில் ஒன்று அவள் கண்ணெதிரே கம்பீரமாக நடந்து போய், ரசம் நிரம்பி, மூடி போடுகிற இடம் வரைக்கும் போய்விட்டது. மூடி போடுகிற பெண் பார்த்து மெஷினை நிறுத்தினாள். சூப்பர்வைசர் வந்து ஒரு தடவை அவளைப் பார்த்தார், ஒரு தடவை பாட்டிலைப் பார்த்தார். "கழுகு, கண்ணை மூடிட்டு உக்காந்தா நீயும் கோழிதான்" என்றார். கொஞ்ச நாளைக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். அவமானத்தில் அவள் குறுகிப் போனாள். மாத்திரையைத் தூக்கிப் போட்டாள். அரிப்பு திரும்பி வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில்தான் அவள் புருஷன் களத்தில் இறங்கினான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கெட்டவன் இல்லை. அவள் முதுகை அவள் கேட்காமலே சொறிந்துவிடுகிற மனுஷன். ஆனால் எலக்ட்ரீஷியன் மூளை. ஒரு வீட்டில் கரண்ட் அடிக்கடி ட்ரிப் ஆனால் அவன் என்ன செய்வான்? எல்லா லைனையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவான். எதைக் கழற்றியதும் ட்ரிப் ஆவது நிற்கிறதோ அதில்தான் கோளாறு. ஊரில் அவன் கை வைத்து ஓடாத மோட்டார் இல்லை. அதே வித்தையைப் பெண்டாட்டி மேலும் பிரயோகித்தான். "காரணம் இல்லாம எதுவும் ட்ரிப் ஆகாது. ஒவ்வொண்ணா கழட்டுவோம், தானா மாட்டும்" என்றான்.

முதலில் சோப்புத்தூளைக் கழற்றினான். வாசனை இல்லாத சோப்பு வந்தது. அரித்தது. தலையணைகளைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்கினான். அரித்தது. ஜன்னல் திரைச்சீலைகள் போயின. அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரருக்கு இவர்கள் சாப்பிடுவது முதல் சண்டை போடுவது வரை எல்லாம் இலவசக் காட்சி. கொசுவர்த்தி போனது, கொசு வந்தது, அந்தக் கடி வேறு. முட்டையை நிறுத்தினான், மீனை நிறுத்தினான், வேர்க்கடலையை நிறுத்தினான். கம்பளி விரிப்பைச் சுருட்டித் தன் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தான். ஜன்னலோரம் அவள் ஆசையாக வளர்த்த செடித் தொட்டிகளைத் தெருவில் வைத்தான். யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், போட்டோ எடுப்பான், உதட்டைப் பிதுக்குவான், அடுத்த சாமானைத் தேடிக் கிளம்புவான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். இவன் ஒரே நாளில் கொளுத்தவில்லை, தவணையில் கொளுத்தினான்.

தைலத்தின் முறை வந்தது. அந்தத் தைலத்தின் வாசனை தெருமுனையில் திரும்பும்போதே வரவேற்கும், உண்மைதான். புருஷன் வாயைத் திறப்பதற்கு முன்பே மாமனார் பாட்டிலைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழ வேண்டுமானால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுவார். "வலிக்குதா மாமா?" என்றால், "லிஃப்ட் பழசாயிடுச்சும்மா, கொஞ்சம் சத்தம் போட்டுட்டுதான் கிளம்பும்" என்பார். அரிப்பு அதற்கும் அசையவில்லை.

ஒரு நாள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு வீங்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலுதடு இரண்டு மடங்கானது. பேச்சுக் குழறியது. மாமனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகனுக்குப் போன் போட்டு "வாடா, வாடா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது. மூச்சு அடைத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கொண்டு வர வேண்டும் என்று சொல்லி, தோல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. தூக்கக் கலக்கம் தராத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினம் ஒன்று. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போதவில்லை என்று இரண்டாக்கினார். "வெந்நீர்ல குளிக்காதீங்க, இறுக்கமா துணி போடாதீங்க, வலி மாத்திரை எதுவும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. இந்த மாதிரி தினம் வர்ற தடிப்புக்குப் பாதிப் பேருக்கு மேல காரணமே கிடைக்காதும்மா. தானா வரும், தானா போகும். அதுவரைக்கும் மாத்திரைதான் துணை. வீட்டைத் தலைகீழாப் புரட்ட வேண்டாம்" என்றார்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்ததும், "காரணம் இல்லாம எப்படிங்க வரும்? இவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் பயந்து போயிருந்தான். பயந்த மனுஷனிடம் 'தெரியாது' என்று சொன்னால் அவன் எப்படித் தாங்குவான்?

அன்றைக்குச் சாயங்காலம் மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் திரை இல்லை, விரிப்பு இல்லை, செடி இல்லை. பேசினால் எதிரொலித்தது. மாமனார்தான் ஆரம்பித்தார். "டேய், எல்லா ஃபியூஸையும் கழட்டிப் பாத்துட்ட. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, கவனிச்சியா?" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அவள் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். புருஷன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

"ஒரு வாரம்தான்" என்றான் அவன் மெதுவாக. "தங்கச்சி வீட்டுல ஒரு வாரம் இருக்கட்டும். உனக்கு அரிச்சா அப்பா மேல தப்பில்லன்னு ஆயிடும், மறுநாளே நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"அரிக்கலைன்னா?"

அவன் எழுந்து தங்கச்சிக்குப் போன் போடப் போனான். மாமனார் மறுநாள் காலை ரேடியோவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மகள் வீடு ஊரின் மறுகோடியில், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆயுள் முழுக்க லிஃப்ட் ஓட்டியவர் தைலமில்லாத முழங்காலோடு நாலு மாடி ஏறினார். ஏறியவர் அப்புறம் இறங்கவே இல்லை.

அந்த வாரம் அவளுக்கு அரிக்கவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இரண்டு மாத்திரை உடம்பில் பிடிக்க ஆரம்பித்ததும், அவர் படியேறிப் போனதும் ஒரே வாரம். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, மாதக்கணக்கில் கெட்டிருந்த தூக்கம் நன்றாக வந்தது. இந்த நிம்மதிக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! இப்போது அது வந்து நின்றபோது, கண்ணில் தண்ணீர் வந்தது. புருஷனோ சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். பெண்டாட்டி பிழைத்தாள் என்கிற சந்தோஷம் அவனுக்கு. அப்பாவை நினைத்தால் முகம் சுருங்கும், அதையும் பார்த்தாள்.

"மாத்திரையாலங்க" என்றாள்.

"இதே மாத்திரையை அப்பா இருக்கும்போதும் போட்டியே?"

"அப்ப ஒண்ணு, இப்ப ரெண்டு. சரி, அவரைக் கூட்டிட்டு வாங்க. மறுபடி அரிச்சா அப்புறம் பாத்துக்கலாம்."

"உன் உதடு வீங்கினப்ப நான் பட்டது எனக்குத்தான் தெரியும். உன்னை வச்சு சோதனை பண்ண என்னால முடியாது. தைலம் அவர் கட்டில்ல, துணியில, உடம்புலயே ஊறிக் கிடக்கு. லைனே பழுதா இருந்தா பல்பை மாத்தி என்ன பிரயோஜனம்?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கட்டிலையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுவதாகச் சொன்னான். அங்கே அவர் தரையில் படுக்கிறாராம், எழ முடியவில்லையாம். கட்டில் போய்விட்டால் அவர் வருவதற்கு இங்கே இடமே இல்லை என்று ஆகிவிடும். அவளுக்கு அது தெரியும்.

பிடிச்ச முயலுக்கு மூணே கால் என்கிறவனிடம் பேசி ஆகப் போவது ஒன்றுமில்லை என்று மாமனாருக்கே போன் போட்டாள்.

"நீங்க பேசாம கிளம்பி வந்துடுங்க மாமா. எனக்கு மாத்திரையாலதான் நின்னிருக்கு."

"அம்மாடி, நீ என் மேல இருக்கற பாசத்துல என்ன வேணா சொல்லுவ. உன் உடம்பு பொய் சொல்லாது. நான் போன அன்னிக்கே நின்னுச்சா இல்லையா?"

"மாமா…"

"நான் இல்லாம உனக்கு அரிக்குதுன்னு என் கண்ணால பாத்தா நானே கிளம்பி வந்துடறேன். நாலு மாடி என்ன, நாப்பது மாடியா இருந்தாலும் உருண்டாவது இறங்கி வரேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம். உனக்கு ஒண்ணுன்னா நான் எந்த முகத்தை வச்சுட்டு உக்காந்து பீன்ஸ் உரிக்கறது?"

அன்றிலிருந்து அவள் மாத்திரையை நிறுத்தினாள். காலையில் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்துவிட்டு, வெளியே வந்து துப்பிவிடுவாள்.

எந்தப் பெண்ணாவது இப்படி வேண்டிக்கொண்டது உண்டா? எனக்கு அரிக்கட்டும், கடவுளே, நன்றாக அரிக்கட்டும், நாலு பேர் பார்க்கிற மாதிரி தடிக்கட்டும் என்று பஸ்ஸில் நின்றுகொண்டு வேண்டினாள். டாக்டரம்மா எதையெல்லாம் செய்யாதே என்றாரோ அதையெல்லாம் தேடித் தேடிச் செய்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தாள். இடுப்பில் எலாஸ்டிக்கை இறுக்கினாள். பழைய சோப்புத்தூளை வாங்கி வந்து கைக்குட்டையைத் துவைத்து முகத்தில் தேய்த்துக்கொண்டாள். வலி மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, உதடு நினைவுக்கு வர, பயந்து திரும்ப வைத்தாள். தோலோ கல்யாணப்பெண் தோல் மாதிரி மினுமினுத்தது. வேண்டாம் வேண்டாம் என்று கதறியபோது விடாமல் வந்த சனியன், வா வா என்று கூப்பிடும்போது எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. சொந்த உடம்பு, சொந்தத் தோல், அதற்கு அவள் சொல் ஒன்றுகூட ஏறவில்லை. நொந்து நூலாகிப் போனாள்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் வேன். பழைய நாற்காலி அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது; பாட்டில்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அவள் கண் அதன் பாட்டுக்கு வேலை செய்தது, மனம் கட்டிலில் இருந்தது. திடீரென்று இடது முழங்கையின் உட்பக்கம் சுருக்கென்றது. சட்டைக் கையை விலக்கிப் பார்த்தாள். தடிப்பு! ஒன்று. பார்க்கும்போதே இரண்டு, மூன்று. அப்புறம் வலது கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொத்துக் கொத்தாக எழும்பிச் சிவந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மூடி போடுகிற பெண் எட்டிப் பார்த்தாள். "அரிக்குதுன்னு பல்லைக் காட்டற ஒரே பொம்பளை நீதான்க்கா. மருந்து மூளைக்கு ஏறிடுச்சா?" என்றாள்.

"மாமாவைக் கூட்டிட்டு வரணும்" என்றாள் இவள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

சூப்பர்வைசரிடம் கையைக் காட்டினாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, "ஒட்டிக்குமா? போ போ, உடனே போ" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கையைப் போட்டோ எடுத்துப் புருஷனுக்கு அனுப்பினாள். கீழே, 'இப்ப வந்திருக்கு, பாருங்க' என்று எழுதினாள். உடனே பதில் வந்தது: 'இது போன மாசம் நான் எடுத்ததுதானே? மாமனாருக்கு வக்கீலா?' அவன் போனில்தான் அவள் கை நூறு கோணத்தில் இருக்கிறதே! போட்டோவை இனி எவன் நம்புவான்? மாமாவிடம் நேரிலேயே போய்க் காட்டிவிடலாம் என்று பஸ் பிடித்தாள்.

பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. தடிப்பு ஆறிவிடக் கூடாதே என்று அவள் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். சூடாக இருந்தால் நிற்கும் என்று, விடிகாலைக் குளிருக்குக் கொண்டு வந்திருந்த ஸ்வெட்டரை எடுத்துக் கைகளைச் சுற்றிப் பொத்தி வைத்துக்கொண்டாள். அடைகாக்கிற மாதிரி. வெயிலில் ஸ்வெட்டர் சுற்றிக்கொண்டிருக்கிறவளைப் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்து எழுந்து வேறிடம் போனார். இரண்டாவது பஸ் மாற வேண்டும். அது வரவில்லை. நின்றாள், நின்றாள், கால் கடுத்தது. வந்த பஸ்ஸில் கூட்டம். ஸ்வெட்டரை லேசாக விலக்கிப் பார்த்தாள். ஓரங்கள் மங்க ஆரம்பித்திருந்தன. "இரு, இன்னும் கொஞ்ச நேரம் இரு" என்று கையிடம் கெஞ்சினாள்.

நாலு மாடியையும் ஓடி ஏறினாள். நாத்தனார் கதவைத் திறந்து, "என்ன அண்ணி, இப்படி மூச்சு வாங்குது? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று பதறினாள். இவள் பதில் சொல்லாமல் உள்ளே நுழைந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமனார் முன்னால் நின்று, ஸ்வெட்டரை உருவிப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

ஒன்றும் இல்லை. இரண்டு கையிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அடடா, எவ்வளவு சுத்தமாயிடுச்சு! இதைக் காட்டத்தான் ஓடி வந்தியா? மனசு குளுந்துடுச்சும்மா" என்றார்.

"இல்ல மாமா, காலையில வந்துச்சு. வேலை செய்யற எடத்துல. சத்தியமா வந்துச்சு."

"சரிம்மா, சரி." குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. "முதல்ல உக்காரு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எப்படி இளைத்துவிட்டார் என்பதை அப்போதுதான் பார்த்தாள். நாத்தனார் டீ கொண்டு வந்தாள். அவர் இந்தக் கட்டடத்து ஜனங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். படியேறி ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்தால் கதவைத் திறந்து 'எந்த மாடி சார்?' என்று கேட்கத் தோன்றுகிறதாம். மேலே படிக்கட்டிலிருந்து இவர் எட்டிப் பார்ப்பது தெரியாமல், மூன்றாவது மாடி அம்மாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தன் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலுக்கு நகர்த்துவதை எழுந்து நடித்துக் காட்டினார். அவள் சிரித்தாள். வந்த காரியம் கெட்டுப்போனதையும் மறந்து சிரித்தாள். பழையபடி அந்த மேஜை திரும்பி வந்துவிட்டாற்போல இருந்தது. முழுக்கதையையும் நிதானமாக எடுத்துச் சொல்லிப் புரிய வைத்துவிடலாம் என்றுகூட ஒரு தைரியம் வந்தது.

சொல்லிக்கொண்டிருந்த மாமனார் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை அவள் கழுத்தில் நின்றது.

"என்ன மாமா?" என்று கேட்டபடியே அவள் கழுத்தில் கை வைத்தாள். விரலுக்கடியில் தடிப்பு. காதுக்குக் கீழே இன்னொன்று. இரண்டு கைகளிலும் மறுபடி சிவப்பு கொத்தாகக் கிளம்பியிருந்தது.

மாமனார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். முழங்கால் வலித்திருக்கும், அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. சுவர் வரைக்கும் போய் ஒட்டி நின்றார்.

"மாமா, இல்ல, இதுதான் நான் சொன்னது. இதேதான் காலையிலயும் வந்துச்சு. உங்களால இல்ல."

"கிட்ட வராதம்மா" என்றார். "அங்கயே இரு."

அவர் தட்டுத் தடுமாறி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "மாமா, நான் மாத்திரையை நிறுத்திட்டேன். அதனாலதான் வந்திருக்கு. துப்பிடுவேன் மாமா, தினமும். யாருக்கும் தெரியாது."

உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "எப்பலேர்ந்து நிறுத்தின?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் போன் பண்ணின அன்னிலேர்ந்து."

"அத்தனை நாளும் மாத்திரை இல்லாம இருந்திருக்க. ஒண்ணும் வரல. கையைப் பாத்தேனே, எவ்வளவு சுத்தமா இருந்துச்சு. என் பக்கத்துல வந்து உக்காந்து ஒரு டீ குடிச்சு முடிக்கல, அதுக்குள்ள…" அவரால் முடிக்க முடியவில்லை. "எனக்கும் ஒரு மூலையில சந்தேகம் இருந்துச்சும்மா. நான் இல்லையோன்னு. திரும்பி வந்துடலாமோன்னு. இப்ப தெரிஞ்சு போச்சு."

அவள் சொல்லச் சொல்ல எல்லாம் அவர் பக்கத்துச் சாட்சியாகவே போய் நின்றது. மாத்திரையைத் துப்பியதும், வெந்நீரில் குளித்ததும், ஸ்வெட்டர் சுற்றி இரண்டு பஸ் ஏறி ஓடி வந்ததும், எல்லாம் சேர்ந்து அவரைத்தான் மாட்டிவிட்டன. அவரை மீட்டுக்கொண்டு போக வந்தவள் தன் கையாலேயே கதவைப் பூட்டிவிட்டாள்.

பின்னால் நாத்தனார் போனில் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். "என் கண்ணால பாத்தேன் அண்ணா, உக்காந்து கொஞ்ச நேரத்துல அப்படியே கிளம்பிடுச்சு" என்றாள். கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று அடுத்தபடியாகப் பேச்சு போனது.

அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அரிப்பு தோளுக்கு ஏறி, முதுகுக்கு இறங்கியது. இரண்டு கையாலும் கழுத்தை வறட்டு வறட்டென்று சொறிந்தாள். அந்தச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"சொறியாதம்மா" என்றார் மாமனார் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "புண்ணாயிடும். சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பு."